நான்கு பூஜ்யங்களும் ஒரு சாம்பிளும்

கட்டுமானக் கம்பெனிகளில் ‘சாம்பிள்’ என்றால் இருப்பதிலேயே நல்லது என்று பொருள். கன்சல்டன்டின் கையெழுத்துக்காகக் கொண்டுபோய்க் காட்டும் டைல்ஸில் முகம் பார்க்கலாம். கையெழுத்தான பிறகு லாரியில் வந்து இறங்குவது வேறு சரக்கு. ஷார்ஜாவை ஒட்டிய அல் குசைஸில் என் அறையில் இருந்த தஞ்சாவூர்க்காரருக்குப் பல வருடமாக இந்தச் சாம்பிள்களைச் சுமந்துபோய்க் காட்டுவதுதான் டூட்டி. ஆகவே, ஷார்ஜாவில் ஒரு பழைய கணினிக் கடைக்காரர் ‘என்ஜினியரிங் சாம்பிள்’ என்று சொல்லி ஒரு சர்வர் பிராசசரை நீட்டியதும் மறுபேச்சில்லாமல் வாங்கி வந்துவிட்டார்.

“அண்ணே, மேல ‘கான்ஃபிடென்ஷியல்’னு வேற பொறிச்சிருக்கான். வெளில கிடைக்கவே கிடைக்காதாம்.”

“கிடைக்கக் கூடாதுன்னுதான்யா பொறிச்சிருக்கான்.”

விற்பனைக்கு விடுவதற்கு முன்னால், மதர்போர்டு தயாரிப்பவர்கள் சோதித்துப் பார்க்கக் கொடுக்கும் அரைவேக்காடு அது என்று விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை.

இரவுகளில் லேப்டாப்பில் முப்பரிமாணப் படம் போடக் கற்றிருந்தார் அவர். தோஹாவில், நஜ்மா பக்கம் ஒரு உள் அலங்கார அலுவலகம் அவரிடம் அப்படி ஆறு படங்கள் கேட்டிருந்தது. பெருநாள் விடுமுறை முடிந்த முதல் வேலைநாளில் அவை போய்ச் சேர வேண்டும். பிடித்துவிட்டால் வேலை, வெயிலில் டைல்ஸ் சுமப்பதிலிருந்து விடுதலை. அவருடைய லேப்டாப்போ ஒரு படத்தில் பாதி வருவதற்குள் சூடேறி அணைந்துவிடும்.

சாம்பிளோடு வாங்கிய பழைய போர்டில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது ஓடியது. எதையும் தேதி பார்த்துத் தொடுவது என் வழக்கம். போர்டு கண் விழித்ததும் முதலில் ஓடும் நிரலான பயாஸின் தேதியைப் பார்த்தேன். அந்த வகைப் பிராசசர் கடைக்கு வருவதற்கும் முந்தைய தேதி. சாம்பிள்கள் உலவிய காலத்துப் பயாஸ். அதனால் அதற்குச் சாம்பிளை அடையாளம் தெரிந்திருந்தது. “இந்த பயாஸ மட்டும் தொட்டுடாதீங்க” என்றேன்.

ஆனால் திரையில் பிராசசரின் பெயர் வர வேண்டிய இடத்தில் நான்கு பூஜ்யங்கள் நின்றன. பெயர் வைப்பதற்கு முன்பே வெளியே வந்த சாமான் வேறு எதைக் காட்டும்? அவருக்கு அது மானப் பிரச்சினை. ஊர் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குத் திரையைப் படம் பிடித்து அனுப்ப வேண்டுமாம். பூஜ்யத்தை எப்படி அனுப்புவது?

பிறை அறிவிப்புக்காக ஊரே போனைப் பார்த்துக்கொண்டிருந்த மாலை அது. ஆறில் நான்கு படங்கள் முடிந்திருந்தன. நான் கீழே பரோட்டா வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள், பெயர் வந்துவிடும் என்று புதிய பயாஸை ஏற்றிவிட்டார். சோதனைக்காலப் பிராசசர்களை இனி ஏற்காது என்று அதன் குறிப்பிலேயே ஒரு வரி இருந்தது. அவர் வாசித்தது டவுன்லோட் என்ற பொத்தானை மட்டும்.

மூன்றாவது கட்டிலில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, காத்தாடி மட்டும் சுத்துது. திரையில ஒண்டையும் காணேல்லையே?”

“அப்டேட் பண்ணேண்ணே. புதுசுன்னா நல்லாத்தானே இருக்கும்?”

“புதுசுதான் நல்லதெண்டா, முதல் வந்த சாம்பிளை ஏன் வாங்கினனி?”

பழைய பயாஸுக்குத் திரும்ப, முதலில் அந்த போர்டு உயிர் பெற வேண்டும். அதற்கு அதே சாக்கெட்டில் பொருந்தும் சாதாரணப் பிராசசர் ஒன்று தேவை. கடையில் விற்கும், பெயருள்ள, பெருமையில்லாத ஒன்று. கடைக்காரருக்குப் போன் போட்டார். “பிறை தெரிஞ்சாச்சு பாய். கலாஸ், கடை மூடியாச்சு. பெருநாள் கழிச்சு வாங்க” என்று வைத்துவிட்டார் அந்த மனிதர். பெருநாள் கழிந்தால் கெடுவும் கழிந்துவிடும்.

டிஸ்கைக் கழற்றி, முடிந்திருந்த நான்கு படங்களை மட்டும் லேப்டாப்பிலிருந்து அனுப்பினார். மீதி இரண்டைப் பற்றி மன்னிப்புக் கேட்டு எழுதச் சொன்னேன். அவர் எழுதியது ஒரே வரி: ‘சாம்பிள்கள் இணைத்துள்ளேன்.’

விடுமுறை முடிந்த வாரமே பதில் வந்தது. படங்கள் பிரமாதம், எப்போது வந்து சேர முடியும் என்று கேட்டிருந்தார்கள். ஆறு கேட்டதற்கு நான்குதான் வந்தது என்று எண்ணிப் பார்க்க அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தஞ்சாவூர்க்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். தேதி பார்ப்பவனும் குறிப்பு வாசிப்பவனும் எந்தக் காலத்தில் உருப்பட்டான் என்பது போன்ற பார்வை.

அவர் பெட்டி கட்டும்போது யாழ்ப்பாணத்துக்காரர் கட்டிலில் படுத்தபடியே சொன்னார்:

“சாம்பிளைப் பாத்து எடுத்துப்போட்டினம். சரக்கு இனித்தானே போய் இறங்கப்போகுது.”