வணங்காதவனுக்கு அறை

ஜப்பான்காரன் காலத்தில், வேலை நிலைக்க வேண்டுமென்றால் கிராணிகள், அதாவது குமாஸ்தாக்கள், எல்லோரும் ஒரு தேர்வு எழுத வேண்டியிருந்தது. பினாங்குத் தீவுக்கும் எதிர்க்கரைப் பட்டர்வொர்த்துக்கும் ஒரே தாள். அதில் தர்க்கக் கேள்விகளைத் தயாரித்தவர் எங்கள் தலைமைக் கிராணி. புதிய எசமானர்களின் மனம் குளிர ஒரு கேள்வியை இப்படிப் போட்டிருந்தார்:

"காவல் சிப்பாயை வணங்காதவன் அறை வாங்குவான். இவன் அறை வாங்கினான். ஆகவே இவன் வணங்கவில்லை. முடிவு சரியா, தவறா?"

நான் 'தவறு' என்று எழுதினேன். பக்கத்து மேசையில் தட்டச்சு செய்யும் அக்காவும் அப்படியே எழுதியிருந்தார். இருவருக்கும் முட்டை.

அக்கா விடுவாரா? தாளைத் தூக்கிக்கொண்டு நேரே தலைமைக் கிராணியின் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஐயா, வணங்காதவனுக்கு அறை விழும்னுதானே போட்டிருக்கு? வணங்கினவனுக்கு விழாதுன்னு எங்க போட்டிருக்கு?"

"வணங்கினவன ஏம்மா அடிக்கப் போறான்? கிறுக்கா அவனுக்கு?" என்றார் அவர். "ரொம்ப யோசிக்காதலா. போய் வேலையப் பாரு."

அன்று மாலை நாங்கள் இருவரும் ஜெட்டி என்கிற படகுத்துறைப் பக்கமாக வீட்டுக்கு நடந்தோம். எங்களுக்குச் சற்று முன்னால் தலைமைக் கிராணி போய்க்கொண்டிருந்தார். அங்கே காவல் நின்ற ஜப்பான் சிப்பாயின் முன் நின்றார், குனிந்தார். அப்படியொரு வணக்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, நெற்றி முழங்காலைத் தொட்டுவிடும் போலிருந்தது. அந்த வேகத்தில் தலையிலிருந்த தொப்பி கழன்று உருண்டு, சிப்பாயின் பூட்ஸில் முட்டி நின்றது.

பளாரென்று ஒன்று விழுந்தது.

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா என் கையை நறுக்கென்று கிள்ளி, "தங்கச்சி, சிரிச்சே, அடுத்தது நமக்குத்தான்" என்று முணுமுணுத்ததும் வயிற்றுக்குள் சிரிப்பு புரண்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு நாங்களும் குனிந்து கும்பிட்டுக் கடந்தோம்.

மறுநாள் காலை அக்கா மறுபடி தாளோடு போனார். முகத்தில் ஒன்றும் தெரியாத அப்பாவித்தனம்.

"ஐயா, ஒரு சந்தேகம். நேத்து ஜெட்டில நீங்க வணங்கலையா?"

"யார் சொன்னா? நல்லா குனிஞ்சு வணங்கினேன்!" என்று பொங்கியவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"தெரியும் ஐயா. நாங்க பார்த்தோம்லா."

ஒரு பக்கக் கன்னம் இன்னும் வீங்கித்தான் இருந்தது. எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து இரண்டு தாள்களிலும் முட்டையை அடித்துவிட்டு மதிப்பெண் போட்டார்.

"மத்தவங்களுக்கும் திருத்திடறேன். காரணத்த மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அடுத்த தேர்வுக்குக் கேள்விகளைத் தயாரித்ததும் அவரே அக்காவை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டார். அரை மணி நேரம் இருவரும் சண்டை போட்ட சத்தம் கேட்டது. வெளியே வந்த அக்கா என் மேசையில் சாய்ந்து, "பாதிக் கேள்வி ஓட்டைலா" என்றார்.