வேலியில் விட்ட வழி

1. டிராயிங்கில் இல்லாத கேட்

எட்டயபுரம் பக்கம் சோலார் கம்பெனி சைட்டில் வேலி வேலை திடீரென்று நின்றது. நிலத்தைக் குத்தகைக்கு விட்ட வேலுச்சாமி அண்ணாச்சி, நாங்கள் தோண்டிய தூண் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்துவிட்டார். கரிசலில் குழியை ஆழமாக எடுக்க வேண்டும். இல்லையென்றால் மழைக்கு மண் உப்பி, வெயிலுக்கு வெடித்து, தூண் சாய்ந்துவிடும்.

"அண்ணாச்சி, எந்திரிங்க. கான்கிரீட் கலக்கியாச்சு" என்றார் சைட் இன்ஜினியர்.

"என் மேலயே ஊத்தும். அந்த உடைமரத்தடியில எங்கய்யா அடக்கமாகிக் கிடக்காவ. போக வர வழி வேணும்னு சொல்லித்தான கையெழுத்துப் போட்டேன்? எங்கய்யாவைக் கும்பிட உம்ம வாச்மேன்ட்ட சீட்டா வாங்கணும்?"

இன்ஜினியர் ஆபீசுக்குப் போன் போட்டார். வழி விடச் சம்மதித்தது உண்மைதான், டிராயிங்கில் விட்டுப்போயிருந்தது. சின்ன கேட் ஒன்று வைக்கச் சொன்னார்கள். நான்தான் மாட்டினேன்.

2. மிஷேல்

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஓர் ஊரில் தரித்ததில்லை. இந்த சைட்டுக்கு வருமுன் திருப்பூர், துபாய் என்று சுற்றிவிட்டு மொரிஷியஸ் போனேன். அங்கே எங்கள் ஃபோர்மேன் மிஷேல். அவர் பிறந்தது இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளில் பெரியதான டியாகோ கார்சியாவில். பிரிட்டன் மொரிஷியஸிலிருந்து பிரித்து, தன் பழைய சாம்ராஜ்யத்தில் விடாமல் வைத்திருந்த கடைசித் துண்டுகளில் ஒன்று அது. அமெரிக்க ராணுவத் தளத்துக்காக அங்கிருந்த சனங்களைக் கப்பலேற்றி வெளியேற்றியபோது மிஷேல் சிறுபிள்ளை. அப்பாவின் கல்லறை அங்கேயே தங்கிவிட்டது. எப்போதாவது சிலரைக் கப்பலில் கூட்டிப்போய்க் காட்டுவார்களாம். இவர் முறை வந்ததில்லை.

"ஒரு தடவை அப்பா கல்லறையைக் கூட்டிப் பெருக்கிட்டு வந்துட்டாப் போதும்" என்பார்.

3. உடைமரத்தடி

கேட் மாட்டிய சில நாளில், தீவுகளை மொரிஷியஸிடம் ஒப்படைக்க பிரிட்டன் சம்மதித்ததாகச் செய்தி வந்தது. சாப்பாட்டு வேளையில் மிஷேலை வீடியோவில் கூப்பிட்டேன்.

"ஏலே, உன் ஃபோர்மேனுக்குத் தீவே கிடைச்சிட்டு. நம்ம சைட்டுக்கு ஆளுக்கு ரெண்டு போளி வாங்கித் தரச் சொல்லு" என்றான் வெல்டர் செய்யது.

அதை அவரிடம் சொன்னேன். மிஷேல் சிரிக்கவில்லை. அவர் மொரிஷியஸ் பேச்சான கிரியோலில் சொல்லச் சொல்ல, செய்யதுக்கு எங்கள் பேச்சில் சொன்னேன்; இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

"மத்த தீவுகள்ல போய்க் குடியிருக்கலாமாம். எங்க தீவுல முடியாது. அதை பிரிட்டன்காரனே குத்தகைக்கு வச்சுக்கிடுதான். தளம் அங்கனயேதான் இருக்கும்."

செய்யது சோற்றுக் கையோடு எட்டிப் பார்த்தான். "அப்போ பட்டா ஒருத்தனுக்கு, அனுபவம் இன்னொருத்தனுக்கா? நம்மூர்க் கதையால்லா இருக்கு!"

"உன் பின்னால வேலியில என்ன, சின்ன கேட்?" என்று கேட்டார் மிஷேல்.

அண்ணாச்சி குழிக்குள் உட்கார்ந்த கதையைச் சொன்னேன். அவர் முகம் திரைக்கு நெருங்கியது.

"நிலத்தை எடுக்கும்போது அந்த மனுசனைக் கேட்டாங்களா?"

"கேக்காம எப்படி? கையெழுத்தே அவரு போட்டதுதான."

"எங்களை யாரும் கேக்கலை. கொடுக்கவன் பேசுனான், வாங்குதவன் பேசுனான். அங்கன படுத்திருக்கது எங்கப்பா."

செய்யது தட்டைக் கீழே வைத்துவிட்டான்.

"அதைத் திறந்து காட்டு" என்றார் மிஷேல்.

போனைத் தூக்கிக்கொண்டு கேட் வழியாக உடைமரத்தடிக்கு நடந்தேன். அங்கே மண்மேட்டில் விழுந்திருந்த முள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்த வேலுச்சாமி அண்ணாச்சி, "யாருப்பா அது?" என்றார். விவரம் சொன்னேன். திரைப் பக்கம் திரும்பினார்.

"அவிய அப்பாவுக்கும் சேத்துக் கும்பிட்டுக்கிடுதேன்னு சொல்லு."

சொன்னேன். மிஷேல் தொப்பியைக் கழற்றினார்.

இப்போதெல்லாம் வேலி வேலைக்குப் போனால் நான் டிராயிங்கை மட்டும் நம்புவதில்லை. மண்ணில் ஒற்றையடித் தடம் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால், நடந்தவர் யார் என்று விசாரித்த பிறகுதான் கடப்பாரை இறங்கும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைச் செய்தால் போதும். தூண் நேராக நிறுத்துவது தானே கைக்கு வந்துவிடும்.

மிஷேல் இன்னும் தீவுக்குப் போகவில்லை. போன் பேசும்போதெல்லாம் முதலில் அந்தக் கேட்டைப் பற்றித்தான் விசாரிப்பார். "துருப்பிடிக்கலையே?"

பிடிக்கவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கீலுக்கு எண்ணெய் விட்டு வருகிறேன்.