ஹமீட் நானாவின் வள்ளச் சட்டம்

என் நானா ஹமீட்டின் வள்ளத்தில் ஒரேயொரு சட்டம்தான் உண்டு. வலையை விட்டவன் அதை இழுத்து முடிக்காமல் கரைக்குத் திரும்பக்கூடாது. காற்று அடித்தாலும் சரி, உள்ளங்கைத் தோல் உரிந்தாலும் சரி, அறுத்துவிட்டு வருகிற பேச்சுக்கே இடமில்லை. மற்ற விஷயங்களில் மனிதர் ரொம்பத் தளர்வு. கூட வருபவர் ஒரு கண் தூங்கி எழுந்தாலும் திட்டமாட்டார். யாராவது பாடினால் தானும் சேர்ந்து பாடுவார், அதுவும் சுருதி இல்லாமல்.

நான் முஃபீதா, அவருடைய தங்கை. பள்ளிவாசல்துறைக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறேன். பதினோராம் தரத்தில் முப்பத்திரண்டு பிள்ளைகள். அதில் ஒருவன் நானாவின் மகன் அஸ்ஜத். ஓ.எல் எனும் சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கையில் வைத்த முன்னோடிப் பரீட்சையில் அவன் கணிதத்துக்கு எடுத்த புள்ளி பத்தொன்பது. நூற்றுக்குத்தான். சொந்த மாமி படிப்பிக்கிற பாடத்தில் இந்த லட்சணம்.

எங்கள் பக்கத்தில் படிக்காத பிள்ளைக்கு எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "படிக்காட்டி வள்ளத்துலதான் போகணும்." வகுப்பில் வாரத்துக்கு நாலு தடவையாவது நானும் சொல்வேன். அந்த வாய்ப்பழக்கத்தில்தான் நானாவுக்கு அந்த யோசனையைக் கொடுத்தேன்.

"டிசம்பர் லீவுல இவன ஒரு நாளைக்கு வள்ளத்துல கூட்டிட்டுப் போங்க நானா. உப்புத் தண்ணி முகத்துல அடிச்சா தன்னால புத்தகத்தத் தேடி வருவான்."

நானாவுக்கும் அது பிடித்துப்போனது. "வாந்தி எடுத்துப் படுத்தானெண்டா, ஸ்கூல் கேட்டத் திறக்குறதே இவனாத்தான் இரிக்கும்" என்று சிரித்தார்.

ஒரு நாள் அதிகாலையில் சுபஹ் தொழுதுவிட்டு, கூட வேலை செய்யும் பாறூக்கோடு அவனையும் ஏற்றிக்கொண்டு போனார். பகல் பதினொரு மணிக்கு நான் கரையில் போய் நின்றேன். வாடிய முகத்தைப் பார்க்கத்தான் போனேன், மறைப்பானேன்?

வள்ளம் கரை தட்டும் முன்பே அஸ்ஜத் தண்ணீரில் குதித்து ஓடி வந்தான். முகம் முழுக்கப் பல்.

"மாமி, ரெண்டு அறக்குளா மீன்! ஒண்டு என்ட கையால தூக்கின!"

உள்ளங்கைகள் இரண்டும் கிழிந்து சிவந்திருந்தன. நடந்ததைப் பாறூக் சொன்னான். நடுக்கடலில் காற்று திரும்பி, வலை கடலடிப் பாறைப் பாரில் மாட்டிக்கொண்டதாம். "நான் அறுப்பம் எண்டு கத்திய எடுத்தன் டீச்சர். இவன் பறிச்சுக் காலுக்குக் கீழ வச்சுக்கிட்டான். ஒரு மணித்தியாலம் விடாம இழுத்தான். ஹமீட் நானாட புள்ள எண்டு கடலுக்கே தெரிஞ்சு போச்சு."

நானா இஞ்சினைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டார். பூரிப்பை மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. காது வரைக்கும் சிரிப்பு. நான் போட்ட திட்டம் அன்றைக்கே கவிழ்ந்தது.

விடுமுறை முழுக்க அவன் கடலுக்குப் போனான். ஜனவரியில் பாடசாலை தொடங்கியது. முதல் நாள் அவன் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் பாடசாலை விட்டதும் நேரே கரையோரத்து மீன்வாடிக் குடிசைக்குப் போனேன். தகப்பனும் மகனும் இஞ்சினைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"பரீட்சைக்கு ரெண்டு மாசம் இரிக்கி. நீ என்ன செய்ற இங்க?" என்று கத்தினேன்.

"நான் எழுதல்ல மாமி. இனி வாப்பாவோடதான்."

"படிக்காட்டி வாழ்க்கை முழுக்க இதுதான்டா!"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீங்க வகுப்புல சொல்றதும் அதான் மாமி. படிக்காட்டி வள்ளத்துல போகணுமாம். எங்க வாப்பா செய்றது என்ன, தண்டனையா?"

வகுப்பில் இருக்கிற முப்பத்திரண்டு பேரில் இருபது பேரின் வாப்பாமார் கடலுக்குப் போகிறவர்கள். அந்த இருபது பேரும் நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது.

நானா கையில் இருந்த எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார்.

"தண்டனை இல்ல மகன். நல்ல தொழில். நீயும் நல்லாச் செய்வாய், அத நான் பார்த்துட்டன். ஆனா என்ட வள்ளத்துச் சட்டம் ஒனக்குத் தெரியுந்தானே? பதினொரு வருசத்துக்கு முந்தி நீ ஒரு வலை விட்ட. இன்னும் ரெண்டு மாசம் இழுத்தாக் கரை. இப்ப அறுத்துட்டு வாறவன நான் வள்ளத்துல ஏத்த மாட்டன். பாறூக்கா இருந்தாலும் ஏத்த மாட்டன், நீயா இருந்தாலும் ஏத்த மாட்டன்."

அஸ்ஜத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்களும் அறுத்துட்டு வந்தவங்கதானே வாப்பா! நீங்க எழுதினீங்களா ஓ.எல்?"

நானாவின் குரல் மிகவும் தணிந்தது.

"நான் அறுக்கல்ல மகன். அறுத்து உட்டாங்க."

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில், மன்னாரை விட்டு முஸ்லிம்கள் எல்லோரும் போகவேண்டும் என்று ஆயுதம் ஏந்திய இயக்கத்தார் ஒலிபெருக்கியில் சொன்னபோது, நானாவுக்கும் பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. எனக்கு ஆறு வயது. அவர் புத்தகப் பையை வீட்டில் வைத்துவிட்டு, அந்தத் தோளில் என்னைத் தூக்கிக்கொண்டு வள்ளம் ஏறினார். கற்பிட்டியில் இறங்கிய மறுவாரமே கடலுக்குப் போகத் தொடங்கினார். அவர் இழுத்த வலையில்தான் நான் படித்து ஆசிரியை ஆனேன். அந்த வள்ளத்தைக் காட்டித்தான் நான் பிள்ளைகளைப் பயமுறுத்திக்கொண்டிருந்தேன்.

அஸ்ஜத் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போனான். மறுநாள் காலை வகுப்பில் முன் கதிரையில் இருந்தான். அன்று பாடம் தொடங்கும் முன், நான் இத்தனை நாள் சொன்னது பிழை என்று பிள்ளைகளிடம் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அஸ்ஜத் மட்டும் புத்தகத்தைத் திறந்தான்.

இரண்டு மாதமும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு என் வீட்டு மேசையில்தான் கிடந்தான். பிழையாய்ப் போன கணக்கைக் கிழித்துப் போடுவதை நிறுத்தினான். ஒரே கணக்கை ஆறு தடவை செய்து, ஏழாவது தடவை விடை வந்ததும் மேசையில் அடித்தான். நானா சில நாள் வாசலில் வந்து நிற்பார். எதுவும் கேட்கமாட்டார். கொண்டுவந்த மீனைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

பரீட்சைப் பெறுபேறு வந்தது சோளகக் காற்றுக் காலத்தில். பெருங்கடலுக்குப் போக முடியாததால் நானா ஆழமில்லாத களப்பில் வலை விட்டிருந்தார். காலையில் போனில் பார்த்ததும் நானும் அஸ்ஜத்தும் கரைக்கு ஓடினோம். இடுப்பளவு தண்ணீரில் நின்று அவர் வலை இழுத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஒரு கையை உயர்த்தினார், பொறுங்கள் என்று. எனக்கு எரிச்சல் வந்தது. இந்த நேரத்திலுமா? ஆனால் அஸ்ஜத் பேசாமல் நின்றான். கடைசிப் பாகம் வரை இழுத்து முடித்துவிட்டுத்தான் நானா கரைக்கு வந்தார்.

"இழுத்து முடிச்சிட்டியா மகன்?"

"முடிச்சிட்டன் வாப்பா. ஒம்பது பாடமும் பாஸ். மெட்ஸுக்கும் சீ."

அவன் போனில் பெறுபேற்றைக் காட்டியதும், நானா ஈரக் கையோடு அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. என் நானாவை நினைத்து எனக்கு அன்று வந்த பெருமைக்கு அளவில்லை.

வலையில் அரைக் கூடை மீன்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து மீன் முதலாளி போன் எடுத்தார், இன்றைக்கு என்ன பட்டது என்று கேட்க. நானா தொண்டையைச் செருமிக்கொண்டு, கரை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"ரெண்டு ஏ, மூணு பீ, நாலு சீ!"