அடுத்த மழைக்குப் பிறகும் மண் எடுக்கவும்

படிக்காத ஓர் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு நான் மதிப்பீடு அனுப்பினேன். எழுதி அனுப்பினேன் என்றுகூடச் சொல்ல முடியாது... வேறு யாருக்கோ, வேறு எதற்கோ வந்த மதிப்பீட்டை எடுத்து, தலைப்பை மட்டும் மாற்றி அனுப்பினேன்.

அதைவிட வெட்கமான செய்தி ஒன்று உண்டு. அப்போது நான் ஒரு சர்வதேச ஆய்விதழின் முதன்மை ஆசிரியர். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் இரண்டு முறை தவறியவன்! மூன்றாம் முறை எழுதவில்லை. எனக்கும் வேதியியலுக்கும் கௌரவமான ஒரு பிரிவு ஏற்பட்டுவிட்டது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இத்தனை காலமும் இதை நானே வேடிக்கையாகத்தான் சொல்லிவந்தேன். இன்று வேடிக்கை இல்லாமல் சொல்லப் பார்க்கிறேன்... முடியுமா, தெரியவில்லை.

அண்ணாமலை நகரில், மாணவர் விடுதிகளுக்குப் போகும் தெருவில் எனக்கு ஒரு கடை. டைப்பிங், பிரிண்ட், பைண்டிங். ஆய்வேடுகளுக்குக் கறுப்பு அட்டை போட்டுத் தங்க எழுத்துப் பதித்துக் கொடுப்பேன். பிறகு பிடிஎஃப் வந்தது. ஐந்து பிரதி கேட்டவர்கள் ஒன்று போதும் என்றார்கள். அப்புறம் அதுவும் வேண்டாம், மெயிலில் அனுப்பினால் போதும் என்றார்கள். கடையில் ஈ இருந்தது. அதுவும் பக்கத்து டீக்கடைக்கு வந்த ஈ.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவியின் தம்பி ரியாஸ் ஷார்ஜாவிலிருந்து திரும்பினான். அங்கே சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்தவன். வெப்சைட் போடத் தெரியும்.

“மச்சான், பேப்பரை பைண்ட் பண்றதுல இனிமே ஒண்ணும் இல்ல. நெட்ல ஏத்தறதுலதான் இருக்கு. பிஎச்டி முடிக்கக் கட்டுரை வேணும், வேலைக்கிக் கட்டுரை வேணும், பிரமோஷனுக்கும் கட்டுரை வேணும். போட எடமில்லாம அலையறாங்க. நாம எடத்தப் போட்டுக் குடுப்போம்.”

“யாருடா படிப்பாங்க?”

“படிக்கறவங்களப் பத்தி உங்களுக்கு என்னா மச்சான்? காசு குடுக்கறது எழுதறவங்க!”

தொழிலே இப்படித் தலைகீழாகியிருந்தது. ஒரு காலத்தில் நூலகங்கள் சந்தா கட்டின. படிக்கிற பக்கத்திலிருந்து பணம் வந்தது. இணையம் வந்ததும், அறிவு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கட்டும், செலவை எழுதுகிறவர் பக்கம் ஏற்கட்டும் என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஒழுங்கான இதழ்கள் அந்தப் பணத்தில் ஒழுங்கான வேலை செய்தன. அதே வாசல் வழியாக நானும் நுழைந்துவிட்டேன்... சமைத்துக்கொண்டு வருகிறவரே கல்லாவில் பணம் கட்டி, தானே இலையில் பரிமாறிவிட்டுப் போகிற ஓட்டலை நினைத்துப் பாருங்கள். சாப்பிட ஆளே வரவேண்டாம்! உப்பு இல்லை என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

இதழின் பெயரில் ‘சர்வதேச’ என்ற சொல்லும் ‘உயர்’ என்ற சொல்லும் இருந்தன. ஆசிரியர் குழுவில் ரியாஸ் ‘டாக்டர், ஷார்ஜா’ ஆனான். அவனுடைய நிக்காஹ் போட்டோவில் கோட் சூட்டை மட்டும் வைத்துக்கொண்டு மாலையை அழித்துக் கொடுத்தது நான்தான். என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சிறந்த டிசைன் வேலை அது.

ஆனால் மதிப்பீடு வேண்டுமே? கட்டுரையை ஒரு நிபுணர் படித்துக் குறை நிறை சொல்ல வேண்டும். அப்போதுதான் அது ஆய்விதழ். நிபுணருக்கு எங்கே போவது?

எங்கும் போகவேண்டியதில்லை! என் கடைக் கணினியின் டெஸ்க்டாப்பிலேயே இருந்தார்கள். எங்களைப் போன்ற கடைகளில் வழக்கம் அப்படி. பென் டிரைவைக் கொண்டுவருவார்கள், ஃபைலை டெஸ்க்டாப்பில் போட்டு பிரிண்ட் எடுப்போம், போய்விடுவார்கள். ஃபைல் மட்டும் அங்கேயே கிடக்கும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் ஃபைனல்’, ‘ஃபைனல் இதுதான்’... ஊரின் அறிவெல்லாம் என் டெஸ்க்டாப்பில் குப்பையாகக் கிடந்தது.

அந்தக் குப்பையில், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் பிரிண்ட் எடுத்துப்போன கடிதம் ஒன்று இருந்தது. அவர் கட்டுரைக்கு வெளிநாட்டு இதழ் அனுப்பிய மதிப்பீடு. எங்கோ மலைக்காட்டு மண் பற்றியது. மரியாதையான, ஆனால் கறாரான ஆங்கிலம். எனக்கு ரொம்பப் பிடித்தது. மண், தண்ணீர், செடி என்று எது வந்தாலும் அதையே ஒட்டி அனுப்புவேன்.

அதில் ஒரு வாக்கியம் இருந்தது. ‘ஒரு பருவத்து மாதிரிகளை மட்டும் வைத்து இந்த முடிவுக்கு வர இயலாது. அடுத்த மழைக்குப் பிறகும் அதே இடங்களில் மண் எடுத்துச் சோதிக்கவும்.’

கேட்கவே எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது, பாருங்கள்! யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அனுப்பிய பத்தாவது நிமிடம் ‘திருத்திவிட்டேன் ஐயா’ என்று பதில் வரும். நானும் ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று அனுப்புவேன். இரண்டு பக்கமும் விளையாட்டு தெரிந்தவர்கள்.

ஒருத்திக்கு மட்டும் தெரியவில்லை.

தமிழரசி. குமராட்சிப் பக்கம். அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். கடலூரில் ஒரு கல்லூரியில் பிஎச்டி செய்துகொண்டிருந்தாள். அவள் வீட்டில் மட்டுமில்லை, அந்தத் தெருவிலேயே கல்லூரிக்குப் போன முதல் ஆள். கொள்ளிடத்து ஓர வயல்களில் உப்பு ஏறுவது பற்றி ஏதோ ஒரு கட்டுரை அனுப்பியிருந்தாள். மண் என்ற சொல்லைப் பார்த்தேன். மலைக்காட்டு மதிப்பீட்டை ஒட்டினேன். அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் பதில் வரவில்லை. பத்து நாளிலும் வரவில்லை. வேறு இதழுக்குப் போய்விட்டாள் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து, இதழின் முகவரியாகப் போட்டிருந்த என் கடை வாசலில் வந்து நின்றாள்.

“பாய், மெயில்ல அனுப்பிட்டேன். இருந்தாலும் நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். ரெவ்யூவர் சொன்ன மாதிரி மழை முடிஞ்சி மறுபடியும் எடுத்துட்டேன். அதே எடம், அதே ஆழம்.”

“மறுபடியுமா?” என்றேன்.

“அம்மாதான் கூட வந்திச்சி. முட்டி அளவு சேறு. மினி பஸ்ல மண்ணு மூட்டைக்கி லக்கேஜ் போட்டுட்டான் பாய்! ‘வயல்ல சும்மா கெடக்குறதுக்கு டிக்கெட்டா’ன்னு அம்மா சண்டைக்கிப் போயிடிச்சி.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கட்டுரையைப் பக்கம் வடிவமைக்கத் திறந்தேன். நான் எழுத்தைப் பார்ப்பேன், இடைவெளியைப் பார்ப்பேன், அட்டவணை நேராக நிற்கிறதா என்று பார்ப்பேன். பொருளைப் பார்ப்பதில்லை, அது இத்தனை வருடத் தொழில் பழக்கம். ஆனால் கடைசி இரண்டு வரி மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய்த் தொங்கியது. அதை மேலே இழுப்பதற்காகப் படித்தேன்.

நன்றியுரை. ‘பெயர் அறியாத மதிப்பீட்டாளருக்கு. என்னை மறுபடியும் வயலுக்கு அனுப்பியதற்காக.’

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். மதிப்பீட்டை ஒட்டியது முட்டாள்தனம் என்று வைத்துக்கொள்வோம். இது முட்டாள்தனம் இல்லை. அந்த நிமிடம் எனக்குத் தெரிந்துவிட்டது: இந்தக் கட்டுரை நிஜம். என் குப்பைக்கூடையில் விழக்கூடாதது. ஒரே ஒரு போன் போதும்... ‘இதை நல்ல இதழுக்கு அனுப்பு தங்கச்சி, எங்களிடம் வேண்டாம்.’ அவ்வளவுதான்!

நான் செய்யவில்லை. ஏன்? அங்கீகரிக்கப்பட்ட இதழ்களின் பட்டியலில் எங்கள் பெயர் எப்படியோ நுழைந்திருந்தது. அதைக் காப்பாற்ற, யாராவது கேட்டால் எடுத்துக்காட்ட, ஒரே ஒரு நல்ல கட்டுரை எனக்கு வேண்டியிருந்தது. ஸ்வீட் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கிற தட்டுபோல அவளுடைய கட்டுரையை முகப்புப் பக்கத்தில் வைத்தேன்.

அடுத்த வருடமே பட்டியலிலிருந்து எங்களைத் தூக்கிவிட்டார்கள். போலி இதழ் என்று ஊரறியப் பெயர் வந்தது. அதற்குள் அவளுக்குப் பட்டம் கிடைத்திருந்தது.

இதழை மூடிவிடலாம் என்று ஒருநாள் சைட்டை நிறுத்தினேன். ஒரு மணி நேரம் ஆகவில்லை, ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர் போனில் கத்தினார்.

“யோவ் பாய்! லிங்க் ஓபன் ஆவலய்யா! என் பிரமோஷன் ஃபைல் ஆபீசர் டேபிள்ல இருக்கு. கவுத்துடாதய்யா!”

மறுபடியும் திறந்தேன். புதிதாக யாரும் வருவதில்லை, ஆனாலும் மூட முடியாது. பரிமாறிவிட்டுப் போனவர்கள் எல்லோரும் இலை அப்படியே இருக்கிறதா என்று தினமும் எட்டிப் பார்க்கிறார்கள். ரியாஸ் கடலூரில் வேறு கடை போட்டுவிட்டான். “இப்ப ஏஐ இருக்கு மச்சான். கட்டுரையும் அதுவே எழுதுது, ரெவ்யூவும் அதுவே எழுதுது. நீங்க டெஸ்க்டாப்ல தேடிக்கிட்டுக் கெடக்க வேணாம்” என்று எனக்குப் புத்தி வேறு சொல்கிறான்.

போன மாதம், ஒரு மத்தியான வேளை, தமிழரசி வந்தாள். கடலூரில் ஒரு கல்லூரியில் இன்டர்வியூ முடித்து நேராக பஸ் பிடித்து வந்திருந்தாள். நல்ல புடவை, கையில் ஃபைல்.

“கட்டுரையைப் பொரட்டக்கூட இல்ல பாய். இன்டர்வியூ எடுத்தவரு இதழ் பேரைப் பார்த்தாரு, ‘ஓ... இதுல போட்டதா’ன்னாரு. ஃபைலை மூடிட்டாரு.”

நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

வேறு வழியும் பார்த்திருக்கிறாள். அதே கட்டுரையை நல்ல இதழ் ஒன்றுக்கு அனுப்பியிருக்கிறாள். அங்கே காப்பி கண்டுபிடிக்கும் மென்பொருள் முழுக் கட்டுரையையும் சிவப்பாகக் காட்டியிருக்கிறது. எங்கிருந்து திருடியது? என் வெப்சைட்டிலிருந்து! அவள் எழுதியதை அவளே திருடிவிட்டதாக இயந்திரம் சொல்லிவிட்டது. ஏற்கெனவே வெளியானதை எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“இப்பவே எடுத்துடறேம்மா. ஒரு நிமிஷ வேலை” என்றேன்.

“எடுத்தா? டிகிரி ஃபைல்ல அந்த லிங்க்தான் இருக்கு. நாளைக்கி எவனாவது தட்டிப் பார்த்து ஒண்ணும் இல்லன்னா, டிகிரியே டூப்ளிகேட்னு சொல்லுவான்.”

வைத்திருந்தால் அசிங்கம், எடுத்தால் ஆபத்து... அவளையும் உள்ளே வைத்து நான் பூட்டியிருக்கிறேன். சாவி என்னிடமும் இல்லை.

“ஒரே ஒரு உதவி பாய். அந்த ரெவ்யூவர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிக் குடுங்க. ‘நான் படிச்சேன், திருப்பி அனுப்பினேன், அந்தப் பொண்ணு மறுபடியும் செஞ்சா’ன்னு ரெண்டு வரி போதும். இந்த இதழ்ல போட்டாலும் இது உண்மையான வேலைன்னு சொல்ல அவர் ஒருத்தர்தான் இருக்காரு. முழுசா படிச்சவர் அவர்தானே?”

உங்களிடம் மறைக்க மாட்டேன். என் கை கீபோர்டுக்குப் போனது! அழகான லெட்டர்பேட், ஒரு வெளிநாட்டுப் பெயர், கம்பீரமான ஆங்கிலம்... ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். அவளும் சந்தோஷமாகப் போய்விடுவாள்.

கையை எடுத்தேன். எப்படி எடுத்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

“அப்படி ஒருத்தர் இல்லம்மா” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். டெஸ்க்டாப், பேராசிரியர், மலைக்காடு, தொங்கிய வரி... எல்லாம். நடுவில் பழக்கதோஷத்தில் ரியாஸின் கோட் பற்றிய நகைச்சுவையும் வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. அந்தக் கடிதத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். நின்றபடியே, விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தாள். அந்த வாக்கியம் வந்ததும் விரல் நின்றது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். வெட்கம்கெட்டவன்! கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் தொழில் அறிவு அத்தனையையும் திரட்டி ஆறுதல் சொன்னேன்.

“உன் கட்டுரைக்கி எந்தக் குறையும் இல்லம்மா. வெள்ளம் வந்தா வயல்ல உப்பு ஏறி மண்ணு பாழாப் போவுதுன்னு எவ்ளோ அருமையா எழுதியிருந்தே! அதுக்கு ஒரு காலம் வரும்.”

தமிழரசி என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். ஃபைலை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பினாள்.

“பாழாப் போவுதுன்னு எழுதல பாய். வெள்ளம் உப்பைக் கழுவிட்டுப் போவுதுன்னு எழுதியிருக்கேன். ரெண்டாவது மழைக்கி அப்பறம்தான் அது தெரிஞ்சிது. அழுவறதுக்கு முன்னாடியாச்சும் ஒரு தடவ படிச்சிருக்கலாம் நீங்க.”