துவைத்துவிட்ட சட்டை

சென்ற மாதம் ஒரு மத்தியானம். எங்கள் ஷெட் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். காலில் செருப்பு இல்லை.

திருவொற்றியூர் ரோட்டில் அந்த நேரத்தில் தார் எப்படிச் சுடும் என்று உங்களுக்குத் தெரியும். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நிற்க, அவற்றின் இடுக்கில் புகுந்து ஓடி வந்திருக்கிறாள்.  மூச்சு வாங்கக் கேட்டாள்:

"காலைல எங்க தெருவுக்கு வந்த வண்டி... அதுல ஒரு மூட்டை போட்டாங்கோ. அது எங்க கீது?"

என்ன மூட்டை, யாருடையது என்பதைச் சொல்வதற்கு முன்னால், இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காக எங்களைப் பற்றிக் கொஞ்சம். (பழைய வாசகர்கள் அடுத்த நாலு பாராவைத் தாண்டிப் போகலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.)

எங்கள் அமைப்பின் முழுப்பெயர் போர்டில் இரண்டு வரி வரும். கழிவுக் குறைப்பு, மறுசுழற்சி, விழிப்புணர்வு என்று என்னென்னவோ இருக்கும். குப்பத்தில் யாரும் அதைப் படித்ததில்லை. எங்களுக்குக் 'குப்பை சங்கம்' என்று பெயர். நாங்களும் போனை எடுத்தால் அப்படித்தான் சொல்கிறோம்.

தலைவர் ஸ்டெல்லா சிஸ்டர். ராயபுரத்துக்காரர். கன்னியாஸ்திரீ இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். செயலாளர் தணிகாசலம். மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் யூனியன் தலைவர். கேட் மீட்டிங்கில் பழகிய குரல் — "டீ வந்தாச்சா?" என்று கேட்டாலே யாராவது 'வாழ்க' என்று கோஷம் போட்டுவிடுவார்கள் போலிருக்கும். மூன்றாவது ஆள் நான், துணைச் செயலாளர்; அவர்கள் இருவருக்கும் 'பாப்பா'. தகுதி? எம்.எஸ்ஸி. படிப்பும், மாநகராட்சிக்கு இங்கிலீஷில் மனு எழுதும் கையும்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கமிட்டியில் இருக்கிற ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு நாள் மூன்று சக்கர வண்டியோடு தெருவுக்குப் போக வேண்டும். வண்டி தள்ளாதவருக்கு மீட்டிங்கில் ஓட்டு கிடையாது. இது சிஸ்டர் போட்ட சட்டம். தணிகாசலம் போட்ட சட்டம் வேறு: காலையில் வந்தது சாயங்காலம் ஷெட்டில் இருக்கக் கூடாது. அந்த நிபந்தனையின் பேரில்தான் மாநகராட்சி எங்களுக்கு இந்த இடத்தையே கொடுத்திருக்கிறது. மக்குவது குழிக்கு. பால் கவரும் பாட்டிலும் கடைக்கு. துணி மட்டும் சிஸ்டருக்கு.

மற்ற இடங்களில் பழைய துணி ஒர்க்‌ஷாப்பில் கை துடைக்கப் போய்விடும். எங்களிடம் அப்படி இல்லை. அண்டாவில் வெந்நீர் கொதிக்கும். சோடா போட்டு ஊறவைத்து, அலசி, வெயிலில் காயப்போட்டு, இஸ்திரி போட்டு, மணலிப் பக்கம் கூடாரத்தில் தங்கிக் கட்டட வேலை பார்க்கும் குடும்பங்களுக்குப் போகும். "குடுக்கறது பழசா இருக்கலாம் பாப்பா, கலீஜா இருக்கக் கூடாது" என்பார் சிஸ்டர். அந்த ஒரு விஷயத்தில் எங்கள் மூவருக்குமே கர்வம் உண்டு.

இப்போது அந்தப் பெண். பெயர் தேவி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தேவியின் புருஷன் சேகர் ஃபைபர் போட்டில் போனவன். எண்ணூர் முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் போட் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள். சேகர் வரவில்லை. உடலும் வரவில்லை. நெட்டுக்குப்பத்திலிருந்து ஆட்கள் வந்து தேடினார்கள். காசிமேட்டிலிருந்தும் போட்கள் போயின. கடைசியில், உடல் இல்லாமலேயே காரியம் முடித்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு காலை. காணாமல்போனவருக்கான பேப்பரில் கையெழுத்துப் போட தேவி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். அன்றைக்கு அந்தத் தெருவுக்கு வண்டியோடு போனவர் சிஸ்டர். சேகரின் அம்மா கன்னியம்மா ஒரு மூட்டையைக் கொண்டுவந்து வண்டியில் வைத்திருக்கிறார்.

"எம் புள்ள துணி சிஸ்டர். எத்துக்கினு போய்டு. எங் கண்ணுல படவே கூடாது."

சிஸ்டருக்கு விஷயம் தெரியும். ஊருக்கே தெரியுமே! எதுவும் கேட்காமல் எடுத்து வந்தார். மற்ற துணிகளோடு கலக்கவில்லை. உதவிக்கு இருக்கும் பெண்களிடம்கூடக் கொடுக்கவில்லை. தன் கையால் துவைத்தார். தன் கையால் இஸ்திரி போட்டார். செத்துப்போன பிள்ளையின் துணி, அதற்குரிய மரியாதை வேண்டும் என்று நினைத்தார்.

அதனால்தான், தேவி மூச்சு வாங்க வந்து நின்றபோது சிஸ்டர் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

"பதறாதம்மா. ஒண்ணும் போவல. எல்லாம் பத்திரமா கீது. இன்னா வோணும் சொல்லு."

"சட்டை... நீலக் கட்டம் போட்டது."

சிஸ்டர் உள்ளே போய் எடுத்து வந்தார். இஸ்திரிச் சூடு இன்னும் ஆறவில்லை. காலர் விறைப்பாக நின்றது. அறுந்திருந்த ஒரு பட்டனைக்கூடத் தைத்திருந்தார்.

"பாத்தியாம்மா? காலைல வந்துச்சு, மத்தியானத்துக்குள்ள ஜவுளிக்கடை சட்டை மாதிரி..." என்று ஆரம்பித்தார் தணிகாசலம்.

தேவி சட்டையை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். ஆழமாக மூச்சை இழுத்தாள். பிறகு காலரை மோந்து பார்த்தாள். அக்குள் பக்கத்தை. திருப்பி உள்பக்கத்தை... மறுபடி காலரை.



"சோப்பு வாசன வருது" என்றாள்.

எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

"பொணத்தயும் பாக்கல சிஸ்டர். போட்டோன்னா கல்யாணத்துல எட்த்ததுதான் கீது, அதுல அவுரு மாதிரியே இல்ல. இந்தச் சட்டைல தான் இருந்தாரு. டீசலு, பீடி, மீனு, எல்லாம் சேந்து... தலகாணிக்கு அடியில வச்சிக்கினுதான் தூங்குவேன்."

சிஸ்டர் விறுவிறுவென்று கொல்லைப் பக்கம் போனார். பின்னாலேயே நானும் போனேன். லுங்கி, பனியன், துண்டு, இன்னொரு சட்டை... எல்லாம் கொடியில் தொங்கின. கடல் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்து மோந்து பார்த்தார் சிஸ்டர். ஒரு துண்டாவது, ஒரு கைக்குட்டையாவது விட்டுப்போயிருக்காதா? இல்லை. அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லையே...

திரும்பி வந்தபோது தேவி சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் தொவைச்சிருக்கீங்க சிஸ்டர்" என்றாள்.

குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம்.

சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டாள். மற்றதை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"நான் வந்தது எங்க அத்தைக்குத் தெரிய வேணாம். அது பாவம். பாத்தா தாங்காதுன்னுதான் தூக்கிப் போட்டுச்சு."

"எஞ் செருப்பப் போட்டுக்கினு போ" என்றார் சிஸ்டர். "யாராண்டயும் சொல்ல மாட்டேன். சத்தியம்."

அன்று சாயங்காலம் கமிட்டி கூடியது. டீ ஆறிப்போய் ஏடு கட்டியது. யாரும் தொடவில்லை.

"இனிமே சாவு வீட்டுத் துணிய வாங்கறதில்ல. தீர்மானம் போட்டுடலாம்" என்றார் தணிகாசலம்.

"வாங்கலன்னா? கடக்கரைப் பாறைல வீசுவாங்கோ. நாய் இழுத்துக்கினு திரியும். அதையெல்லாம் அந்தப் பொண்ணு பாக்கணுமா?" — இது சிஸ்டர்.

தனியாக எடுத்துவைக்கலாமே என்றேன் நான்.

"எத்தினி நாளைக்கு? துவைக்காத துணி நாறும். கார்ப்பரேஷன்காரன் மூக்கப் பொத்திக்கினு வருவான், நோட்டீஸ் ஒட்டுவான். அப்பால ஷெட்டும் இல்ல, சங்கமும் இல்ல. இங்க வேலை செய்யிற பொம்பளைங்களுக்கு நீ பதில் சொல்றியா பாப்பா?" என்றார் தணிகாசலம்.

அவர் கேட்டதில் தப்பு இல்லை. எங்களிடம் நாற்றம் வரவில்லை என்பதால்தான் நாங்கள் இருக்கிறோம். அதற்காகத்தானே இத்தனை பாடு!

 பிறகு சிஸ்டர், எங்களைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துச் சொன்னார்:

"வார்டுல ஒரு பேஷன்ட் செத்துட்டா, வாட்ச்சு, மோதிரம், மூக்குக் கண்ணாடி எல்லாத்தையும் நான் ஒருத்தரு விடாம கேட்டுக் கேட்டுதான் குடுப்பேன். சட்டைய மட்டும் லாண்டரிக்குப் போட்டுருவேன். எத்தினி சட்டை போட்டிருப்பேன்... ஒரு நாள்கூட இது தோணல தணிகாசலம்."

தணிகாசலம் தீர்மான நோட்டை மூடிவைத்தார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. குப்பையை வாங்கும்போது நாங்கள் எத்தனை கேள்வி கேட்கிறோம்! மக்குமா, மக்காதா? ஈரமா, காய்ந்ததா? கவரைக் கழுவினீர்களா? தெருத் தெருவாகப் போய் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் நான். வேண்டாம் என்று ஒருவர் தூக்கிப் போடுவதை, அதே வீட்டில் இன்னொருவர் வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கலாம். இது எந்த நோட்டீஸில் இருக்கிறது? வீடு என்றால் ஒரு கதவு, ஒரு கூடை என்றுதான் நாங்கள் நினைத்திருக்கிறோம். ஒரு கதவுக்குப் பின்னால் எத்தனை பேர் தனித்தனியாக அழுகிறார்கள் என்று யார் பார்த்தது?

கடைசியில் தணிகாசலமே இறங்கிவந்தார். எங்கிருந்தோ மூடி போட்ட நீல டிரம் ஒன்றைக் கொண்டுவந்து மூலையில் வைத்தார். சாவு நடந்த வீட்டுத் துணி துவைக்காமல், மூட்டை பிரிக்காமல் அதில் இருக்கும். வீட்டில் இருக்கும் எல்லோரையும் சிஸ்டர் நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்த பிறகுதான் அண்டா. நாற்றம் வந்தால் மாநகராட்சிக்குப் பதில் சொல்வது தன் பொறுப்பு என்றும் அவரே சொல்லிவிட்டார்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் ஷெட்டுக்குக் கன்னியம்மா வந்தார். தலையில் கருவாட்டுக் கூடை. இறக்கிவைத்துவிட்டு, உட்காராமல், அங்கேயும் இங்கேயும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா கன்னிம்மா?" என்றார் சிஸ்டர்.

"ஒண்ணும் இல்ல... அன்னிக்கு ஒரு மூட்டை குடுத்தேனே. அதுல ஏதாச்சும் ஒண்ணு மிச்சம் கீதா? சும்மா... பாத்துட்டுக் குடுத்துடறேன்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தணிகாசலத்தைப் பார்த்தேன். தணிகாசலம் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்தார்.

மற்ற துணியெல்லாம் மணலிக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. அது எங்கே இருக்கிறது என்று எங்கள் மூவருக்கும் தெரியும். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தவர் சிஸ்டர்.

"எம் மருமவளாண்ட சொல்லிடாதீங்க" என்றார் கன்னியம்மா. "அது இப்பதான் கொஞ்சம் சோறு துன்னுது. நான் வந்து கேட்டேன்னு தெரிஞ்சா மறுபடியும் அழ ஆரம்பிச்சிடும்."

 சிஸ்டர் மடித்துக்கொண்டிருந்த துணியை மேஜைமேல் வைத்தார்.

"மருமவளாண்ட கேளு" என்றார்.

"ஐயோ, அதுக்குத் தெரியக் கூடாதுன்னுதானே சொல்லிக்கினு கீறேன்..."

"கேளு கன்னிம்மா. வூட்டுக்குப் போய், பக்கத்துல குந்தி, இத்த அதாண்டயே கேளு."

கன்னியம்மா சிஸ்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். 

"அதுவும் வந்துச்சா?"

சிஸ்டர் மேஜைமேல் இருந்த துணியை மறுபடி எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

கன்னியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, மீன் மார்க்கெட்டுக்குப் போகிற வழியை விட்டுவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார். விற்காத கருவாடு அப்படியே கூடையில் இருந்தது.

சிஸ்டர் சத்தியத்தைக் காப்பாற்றினாரா, மீறினாரா? எங்கள் கமிட்டி இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளவில்லை... எடுத்துக்கொள்ளப் போவதும் இல்லை.