நான்காம் வகை நிலம்

காலை 10.20. ரெய்னர்ஸ் லேனில் ரயில் ஏறியதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏர்ல்ஸ் கோர்ட்டில் மாறி, விம்பிள்டனில் டிராம் பிடித்து 'மிச்சம்' என்ற ஊருக்குப் போகவேண்டும். எல்லாம் ஒரேயொரு படத்துக்காக! கவனிப்பாரற்ற பொது இடங்களை நான்கு வகையாகப் பிரித்து கவுன்சிலுக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். மிச்சத்தில் கடைகளுக்குப் பின்னாலுள்ள சிமெந்துத் தரையைப் போன கிழமை கொட்டும் மழையில் பார்த்து, 'நான்காம் வகை: எவருக்கும் பயனில்லை' என்று எழுதிவிட்டேன். நான்காம் வகையென்றால் வேலி போட்டுப் பூட்டிவிடுவார்கள். படம் எடுக்க மறந்துபோனேன். மாலை ஐந்துக்குள் அனுப்பவேண்டும்.

இந்த வேலையை நான் பழகியது ரஷ்யாவில், வோல்கா கரையோரச் சிறு நகரமொன்றில். அங்கே அடுக்குமாடி முற்றமொன்றில் துருப்பிடித்த இரும்புச் சட்டம் நின்றது. கோடையில் பார்த்து 'பயனற்றது' என்று எழுதினேன். அதை அறுத்தெடுத்து, அந்த இடத்தில் உட்கார ஒரு வாங்கு போட்டார்கள். முதற்பனி விழுந்த அன்று ஒரு பெண் சுருட்டிய கம்பளத்தைத் தோளில் சுமந்து இறங்கி வந்தாள். பனியில் புரட்டிச் சட்டத்தில் போட்டு அடித்துத் தூசு போக்குவது அவர்கள் வழக்கமாம். வாங்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கம்பளத்தோடு திரும்பி மேலே ஏறினாள்.

12.05. மிச்சத்தில் நல்ல வெயில். என் நான்காம் வகை நிலம் முழுக்க வெள்ளைத் துணி, துணி நிறைய மோர்மிளகாய். அட கடவுளே!

"தம்பி, மிதிச்சுப்போடாதேங்கோ!" புறா விரட்டிக்கொண்டிருந்த ஐம்பது வயதுப் பெண் கத்தினார்.

"போன கிழமை ஒருத்தரையும் காணேல்லையே அக்கா?"

"மழையுக்கை ஆர் மிளகாய் காயப்போடுவினம்? எங்கட பிளாட்டுகளுக்கு வெயில் எட்டாது. வெயில் எறிச்ச உடனை குரூப்பிலை மெசேஜ் போடுவன். இது பதினொரு வீட்டு மிளகாய்."

எனக்கு முகம் சுட்டது. "நான் கவுன்சில் வேலையா வந்தனான். இதைப் பூட்டச் சொல்லி எழுதிப்போட்டன்."

"பூட்டப்போறியளோ?" அவர் குரல் இறங்கிவிட்டது. "அப்ப நாங்கள் எங்கை போறது?"

படிவத்தில் 'வாரத்தில் எத்தனை நாள் பயன்பாடு?' என்ற கட்டத்தில் 'வெயில் எறிக்கும் நாளெல்லாம்' என்று எழுதினேன். நான்காம் வகையை வெட்டி முதலாம் வகையாக்கி, மிளகாயோடு படமெடுத்து, அங்கேயே நின்று அனுப்பினேன்.

"அரைவாசிதான் காய்ஞ்சது. வீட்டிலை போய் வெயிலிலை வையுங்கோ" என்று ஒரு பை மிளகாய் தந்தார்.

3.10. ரெய்னர்ஸ் லேன். வெயில் இன்னும் இருந்தது, ஆனால் என் பிளாட்டுக்கும் அது எட்டாது. பையோடு தெருத்தெருவாக நடந்தேன். வெயில் விழும் வெறுந்தரை ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது. போன வருடம் நானே எழுதிக்கொடுத்த வேலிக்கு அந்தப் பக்கம்.