சுட்டது யாரென்று எழுது

இந்தப் பிரெஞ்சு நகரத்தில், ரூ பெர்தொனே என்ற தெருவில் நான் வேலை செய்யும் அச்சகத்தில் கலியாணக் கார்டை விடக் கண்ணீர் அஞ்சலிதான் அதிகம் போகும். செத்தவரின் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே பிறப்பு, இறப்பு. கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுவேன்.

போன புரட்டாதியில், பக்கத்து உணவகத்தில் சமைக்கும் கொஸ்தாரிக்கா நாட்டுக்காரன் பழங்காலக் கோட்டுப் போட்ட ஒருவரின் படத்தோடு வந்தான். நினைவுநாளாம். தகப்பனாக்கும் என்று கையைப் பிடித்து அனுதாபம் சொன்னேன். சிரித்துவிட்டான். நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய அவர்களுடைய ஜனாதிபதியாம்! பழக்கதோஷத்தில் குத்துவிளக்கையும் வைத்துவிட்டேன். அது அவனுக்குப் பிடித்துப்போயிற்று.

வசனத்தில்தான் இடறியது. "சொந்த நாட்டுக்காரரால் சுட்டுக் கொல்லப்பட்டார்" என்று போடச் சொன்னான். எங்கள் இருவருக்கும் அரைகுறைப் பிரெஞ்சுதான். காலமானார் என்றால் போதாதா, பழசை இனி ஏன் கிண்டவேணும் என்று நான் பகிடி விட்டேன். அவன் முகம் மாறிவிட்டது. நாட்டைப் பிடிக்க ஆயுதத்தோடு வந்த அந்நியரை விரட்டிய மனிதராம். பிறகு சொந்த ஆட்களே பதவியிலிருந்து இறக்கி நாடுகடத்தினார்களாம். திரும்பி வந்தபோது பிடித்துச் சுட்டார்களாம். கனகாலம் கழித்துத்தான் சிலை வைத்தார்களாம். சுட்டது யாரென்று எழுதாமல் படம் எதற்கு என்று கேட்டான். அப்படியே அடித்துக் கொடுத்தேன்.

அவன் போனதும், தாள் மடித்துக்கொண்டிருந்த என் மனைவி சொன்னாள்: "இஞ்சேரப்பா, உங்கட அண்ணைக்கு ஒருநாளும் அஞ்சலி அடிக்கேல்லையே. காய்ச்சலில போன மனுசன், பாவம்."

அண்ணை காய்ச்சலில் போகவில்லை. எங்களுக்காகப் போராடப் போன எங்கள் ஆட்களே, துரோகி என்று சொல்லி, எங்கள் வீட்டுப் படலையடியில் சுட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். சுட்டவர்களில் ஒருவனை எனக்குத் தெரியும். ஊருக்குப் பயந்து அம்மா சொன்ன அந்தக் காய்ச்சலை, கட்டிய மனைவிக்கும் நான் சொல்லி வைத்திருக்கிறேன். சீ, நானும் ஒரு தம்பி!

அன்றே அண்ணையின் படத்தை விளக்குகளுக்கு நடுவில் வைத்தேன். கொஸ்தாரிக்காக்காரனின் தாளில் ஒன்று மேசையில் மிஞ்சிக் கிடந்தது. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று அவள் பக்கம் திரும்பினேன்.

"என்னப்பா?"

"ஒண்டுமில்லை."

'காலமானார்' என்று தட்டினேன். அவள் எட்டிப் பார்த்து, "நல்லா வந்திருக்கு" என்று கண்ணைத் துடைத்தாள். வெட்கங்கெட்டவன், ஐம்பது பிரதி அடித்தேன்.